பழைய பதிவுகளைச் சரிபார்ப்பது எப்படி: செட்டிநாட்டிலிருந்து திரைத்துறைக்குச் செல்வோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து உதவி இயக்குநராகவும் ஒளிப்பதிவு உதவியாளராகவும் சென்னைக்குச் செல்லும் பிள்ளைகள் குறும்படத்தையும் தன்விவரக் குறிப்பையும் பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறார்கள். தங்கள் பெயரில் பத்தாண்டுகளாகப் பொதுவெளியில் கிடக்கும் பதிவுகளை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிய ஒரு கேலி, கல்லூரி விடுதியில் பகிர்ந்த ஒரு சாதிப்பெருமைப் படம், அபிமான நடிகருக்காக எதிர்நடிகரின் வீட்டுப் பெண்களை இழுத்து எழுதிய ஒரு வரி ஆகியவை எழுதியவருக்கு மறந்துபோயிருக்கும். தேடுபவருக்கு அரைமணி நேரத்தில் கிடைத்துவிடும். இந்தச் சரிபார்ப்பை முதல் வேலைக்குப் போவதற்கு முன்பே, பெயர் பெரிதாக வெளியே தெரியாத நாளிலேயே செய்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உலக அளவில் நடந்தவற்றை முதலில் பார்த்துவிடுவோம். ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படங்களின் இயக்குநர் ஜேம்ஸ் கன்னை 2018 ஜூலையில் டிஸ்னி நிறுவனம் நீக்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, சிறார் மீதான பாலியல் கொடுமையையும் வன்புணர்வையும் நகைச்சுவையாக்கி அவர் ட்விட்டரில் எழுதியவை தேடியெடுக்கப்பட்டு மீண்டும் பரப்பப்பட்டன. தோண்டியெடுத்தவர்கள் அவருடைய அரசியல் கருத்துகளுக்கு எதிரானவர்கள். ஆனால் தோண்டியவருடைய நோக்கம் எதுவாயினும் எழுதியவை எழுதியவைதாம். கன் அதை உணர்ந்து, நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்காமல் பொறுப்பேற்றார். நடிகர்கள் அவருக்காகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2019 மார்ச்சில் அதே வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்து, அந்த வரிசையின் மூன்றாம் படம் 2023-இல் அவர் இயக்கத்திலேயே வெளிவந்தது.

நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட்டின் கதை வேறு வழியில் போனது. 2018 டிசம்பரில் ஆஸ்கர் விழாத் தொகுப்பாளராக அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே, ஒருபாலீர்ப்பினரை இழிவுபடுத்தி அவர் எழுதிய பழைய பதிவுகள் மேலே வந்தன. முன்பே இதைப் பற்றிப் பேசிவிட்டேன், மீண்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலகினார். அடுத்த ஆண்டு விழா தொகுப்பாளர் இல்லாமலேயே நடந்தது. 2025 தொடக்கத்தில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்த கார்லா சோபியா காஸ்கோனின் பழைய பதிவுகள் வெளிப்பட்டபோது, நெட்ஃபிளிக்ஸ் தன் விருதுப் பிரசாரத்திலிருந்து அவரை விலக்கியது. சமூக ஊடகம் பரவுவதற்கு முந்தைய பேச்சுகூடத் திரும்பி வரலாம் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் சான்று: தொடக்க விழாவின் இயக்குநர் கென்டாரோ கோபயாஷி, 1998-இல் யூதப் படுகொலையை வைத்துச் செய்த ஒரு நகைச்சுவைக்காக 2021-இல் விழாவுக்கு முந்தைய நாள் நீக்கப்பட்டார்.

நம் ஊர்த் திரைத்துறையில் பெரும்பாலும் நீக்கக் கடிதம் எதுவும் வராது. கீழ்நிலையில் வேலை பார்ப்பவர்களுக்கு எழுத்து ஒப்பந்தமே இருப்பதில்லை. ‘அடுத்த ஷெட்யூலுக்குச் சொல்றேன் தம்பி’ என்று மேலாளர் சொல்வார். அந்த அழைப்பு வராமலே போகும். காரணம் என்னவென்று யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள் என்பதால், தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்காது.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1940களில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படமெடுத்த காலம் தொட்டு இந்த மண்ணுக்கும் படப்பிடிப்புக்கும் உறவு இருக்கிறது; இன்று அந்த உறவு பெரும்பாலும் வீடுகளின் வழியாகவே நடக்கிறது. ஒரு வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டால் ஒருவர் சம்மதித்தால் போதாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் எல்லோரும் ஒப்ப வேண்டும். அப்படியொரு வீட்டில், முன்பணம் வாங்கிய மறுவாரம், பங்காளி ஒருவரின் மகன் இயக்குநரின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டார். மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரைக் கேலி செய்து அந்த இயக்குநர் கல்லூரி நாளில் எழுதிய பதிவு அதில் இருந்தது. வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் கைப்பேசியை நீட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். படித்து முடித்ததும், ‘இந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்குள்ள வரவேணாம், பணத்தைக் கொடுத்திருங்க’ என்றார். பங்காளிகளில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு என்று மேலாளர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அந்த ஆச்சியின் பேத்தி சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இனிச் செய்ய வேண்டியவை. எதையும் நீக்குவதற்கு முன்பு முழுப் பதிவுகளையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்திலும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அமைப்புகள் பகுதியில் உங்கள் தரவைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது; கோரிக்கை வைத்தபின் கோப்பு தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இந்தக் கோப்பு இரண்டு வகையில் பயன்படும். நீங்கள் எழுதியது முழுவதையும் ஒரே இடத்தில் படிக்கலாம். நாளை யாராவது நீங்கள் எழுதாத ஒன்றை எழுதியதாகப் போலித் திரைப்பிடிப்பு தயாரித்தால், மறுப்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். கோப்பை எடுக்காமல் கணக்கை மூடிவிட்டவர்கள் இந்த இரண்டாவது இடத்தில்தான் திணறிப்போகிறார்கள்.

அடுத்து, எத்தனை கணக்குகள் வைத்திருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ரசிகர் மன்றத்துக்காகப் புனைபெயரில் தொடங்கிய கணக்கு, நண்பர்கள் சேர்ந்து நடத்திய மீம் பக்கம், யூடியூபில் எழுதிய பின்னூட்டங்கள் எல்லாம் இதில் அடங்கும். யூடியூபில் எழுதியவற்றைக் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் காணலாம். ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். டிக்டாக்கில் போட்ட காணொளிகளைப் பிறர் இறக்கி யூடியூபில் ஏற்றியிருப்பார்கள். புனைபெயர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது அன்றைய நண்பர்களுக்குத் தெரியும், அவர்களில் சிலர் இன்று நண்பர்களாக இல்லாமலும் இருக்கலாம்.

தேடும் முறைதான் இதில் மிக முக்கியமானது. எந்த எழுத்தில் தட்டினீர்களோ அந்த எழுத்தில் தேட வேண்டும். நம்மில் பலர் பத்தாண்டுகளுக்கு முன்பு தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினோம். ஒரே வசைச்சொல்லை மூன்று நான்கு விதமாக எழுதியிருப்போம். அத்தனை விதத்தையும் தனித்தனியே தேட வேண்டும். எக்ஸ் தளத்தின் மேம்பட்ட தேடலில் கணக்கின் பெயரையும் தேதி வரம்பையும் கொடுத்துப் பார்க்கலாம். இரத்தம் சூடாக இருந்த நாள்களை முதலில் பாருங்கள்: 2011, 2016, 2019, 2021 தேர்தல் மாதங்கள், 2017 ஜனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்ட நாள்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய படங்கள் வெளியான வாரங்கள், ஐபிஎல் இரவுகள். பிறகு சொற்களால் தேடுங்கள். சாதிப் பெயர்கள், சாதியைச் சுட்டும் வசைகள், ஊர்ப்பகுதிகளைச் சாதிக்கு அடையாளமாக்கும் சொற்கள், திருநங்கையரை இழிக்கும் சொற்கள், நிறத்தையும் உடல் பருமனையும் ஊனத்தையும் வைத்துச் செய்யும் கேலி, பிற மதத்தாரைப் பற்றியும் ஈழ அகதிகளைப் பற்றியும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி எழுதியவை என்று வரிசையாகப் போகலாம். பெண்களைப் பற்றிய பதிவுகளைச் சொற்களால் மட்டும் பிடிக்க முடியாது. நடிகைகளின் பெயர்களைக் கொடுத்துத் தேடினால்தான் வெளிவரும்.

பகிர்ந்தவையும் விருப்பக்குறி இட்டவையும் இதே கணக்கில் சேரும். ‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன் அவ்வளவுதான்’ என்பது தப்பிக்கும் வழியாகாது. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திப் பிறர் எழுதிய பதிவொன்றை 2018-இல் பேஸ்புக்கில் பகிர்ந்தார், பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆயினும் 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

படித்தவற்றை எப்படித் தரம்பிரிப்பது? ஓர் அரசியல் கட்சியை, ஓர் அமைச்சரை, ஒரு படத்தைக் கடுமையாக விமர்சித்தது உங்கள் கருத்து. நாளை அந்தக் கட்சிக்காரரே தயாரிப்பாளராக வந்தாலும் அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிறப்பாலோ உடலாலோ ஒருவருக்கு அமைந்ததை இழித்தது வேறு. தனி ஒருவரைக் குறிவைத்து மிரட்டியதும் ஆபாசமாகப் பேசியதும் அதைவிடக் கனமானவை. இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பயத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டு, இனிமேல் எதைப் பற்றியும் வாய்திறக்கமாட்டேன் என்று முடிவெடுக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். கருத்துச் சொல்ல அஞ்சும் ஒருவர் படமெடுத்து என்ன சொல்லப்போகிறார்?

பின்னிரண்டு வகைகளையும் நீக்கத்தான் வேண்டும். இழிசொல் பொதுவெளியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் யாரையாவது புண்படுத்திக்கொண்டே இருக்கும். ஆனால் நீக்கியதோடு விவகாரம் தீர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் போன்ற காப்பகங்களிலும் பிறருடைய கைப்பேசித் திரைப்பிடிப்புகளிலும் அது இருக்கக்கூடும். நம் ஐயாக்கள் வட்டிக்கடைப் பேரேட்டில் தவறாக எழுதிய வரியைச் சுரண்டி அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு எழுதி நேர்செய்வார்கள், ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கும்போது தவறும் தெரியும், அது திருத்தப்பட்டதும் தெரியும். அதுபோல, நீக்கும்போதே ஒரு சிறு குறிப்பை உங்கள் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், தம் கருத்து மாறியபோது அதை மறைக்காமல் எழுத்திலேயே சொன்னவர்; அந்தத் துணிவு நம் பக்கத்துக்குப் புதிதன்று.

காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ புகார் பதிவாகிவிட்டது என்றால் மட்டும் எதையும் நீக்காதீர்கள். அது ஆதாரத்தை அழித்த குற்றமாக எண்ணப்படலாம். வழக்கறிஞரைப் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். சாதியைச் சொல்லி இழித்த பதிவானால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரலாம் என்பதால், இதில் நண்பர்களின் யோசனையை நம்பி இறங்கக் கூடாது.

மன்னிப்புக் குறிப்பை எழுதும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற வாக்கியத்தைத் தவிருங்கள். புண்பட்டவர் மீதே பழியைச் சாய்க்கும் வாக்கியம் அது. ‘அப்போது எனக்கு வயது பதினேழு’ என்று தொடங்குவதும் வேண்டாம். வயதைப் படிப்பவரே கணக்கிட்டுக்கொள்வார். என்ன எழுதினீர்கள், யாரைப் பற்றி, அது ஏன் தவறு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இப்படி எழுதலாம்: ‘2014-இல் கல்லூரியில் படித்தபோது, திருநங்கையரை இழிவுபடுத்தும் இரண்டு பதிவுகளை இந்தக் கணக்கில் எழுதினேன். தெருவில் அவர்கள் நாள்தோறும் படும் அவமானத்தில் அவை மேலும் ஒன்றாயின. அவற்றை நீக்கிவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ இழிசொல்லைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. தனி ஒருவரைப் புண்படுத்தியிருந்தால் அவருக்கு நேரில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் மீண்டும் எழுதித் தொந்தரவு செய்யக் கூடாது, மன்னிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை.

நீங்கள் முந்திக்கொள்ளும் முன்பே பதிவு வெளிவந்து பரவிவிட்டால், முதல் அழைப்பு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் போக வேண்டும். அவர்கள் அதைப் பத்திரிகையாளரிடமிருந்து கேட்கும்படி விடுவதைப்போல் நம்பிக்கையைக் குலைப்பது வேறில்லை. பதிவு உண்மையானால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். போலியானால் தரவிறக்கிய கோப்பைக் காட்டுங்கள். கணக்கு களவாடப்பட்டது என்ற பொய்யைச் சொல்லாதீர்கள். ஒரே அறிக்கை, ஒரே முறை. காஸ்கோன் விவகாரத்தில், அடுத்தடுத்த விளக்கங்களும் நீண்ட பேட்டியும் விவாதத்தை வளர்த்தன. உங்களுக்காக வாதாட வரும் நண்பர்களையும் தடுத்து நிறுத்துங்கள். எதிர்த்தரப்புப் பெண்களை அவர்கள் வசைபாடத் தொடங்கினால், அதுவும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவு ஒன்று கையில் வந்தவுடன் ஆளைத் துண்டித்துவிடுவது எளிது. அதற்கு முன்பு, எழுதியது என்ன, எப்போது, அதன் பிறகும் அதே போக்கு தொடர்ந்ததா என்று பாருங்கள். ஒரே பதிவாக நின்றுபோனதும் சென்ற மாதம் வரை தொடர்ந்ததும் ஒன்றாகா. அவரை அழைத்து நேரில் கேளுங்கள், விளக்கம் சொல்ல ஒரு நாளாவது கொடுங்கள். எடுக்க முடியாது என்று முடிவானால் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள், அதுவரை பார்த்த வேலைக்குரிய பேட்டாவையும் சம்பளத்தையும் அன்றே கணக்குத் தீர்த்துவிடுங்கள்.