விலை உயர்ந்த ஹெட்போனை வீட்டில் வீணாக்கும் தவறுகள்

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீட்டுக்கு ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்கவே வாங்காதீர்கள். அதன் வெளிப்பக்கம் வெறும் வலை. தறிச் சத்தம் தடையில்லாமல் காதுக்கு வரும். அதை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கே 5 மணி நேரம்தான். இப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிப்பக்கம் மூடியிருக்கும் நல்ல க்ளோஸ்டு பேக்தான் சரி.

அடுத்தது, ஓம் கணக்கை (ஹெட்போனின் மின்தடையை) மட்டும் பார்த்து ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் மின்சக்தியைக் கூட்டும் கருவி) வாங்குவது. சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் 300 ஓம். ஹைஃபைமேன் சுஸ்வாரா வெறும் 60 ஓம். போதுமான சத்தம் வரவைக்கச் சிரமமானது எது என்றால் சுஸ்வாராதான். 1 மில்லிவாட்டுக்கு அது 83 டெசிபல்தான் தரும். பாட்டின் உச்சம் 110 டெசிபலைத் தொட அதற்குச் சுமார் 500 மில்லிவாட் வேண்டும். எச்டி 650-க்கு 20 மில்லிவாட்கூட வேண்டாம். ஆகவே 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பாருங்கள். பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் பேஸை 5 டெசிபல் கூட்டினால், அதிலேயே மொத்த ஒலி அளவை மாற்றும் ப்ரீஆம்பை 5 டெசிபல் குறைத்தே ஆக வேண்டும், இல்லையேல் ஒலி உடையும்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். ஹெட்போன் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு பெரும்பாலும் எர்த் லூப்பில், அதாவது லேப்டாப்பும் ஆம்பும் வெவ்வேறு எர்த் வழியே இணைந்து உண்டாகும் சுற்றில். லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே ஸ்பைக் போர்டில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால், டேக்கில் (டிஜிட்டல் ஒலியை மின் சைகையாக மாற்றும் கருவியில்) ஒளி வழியே இணையும் ஆப்டிகல் இன்புட் இருந்தால் அந்தக் கேபிளுக்கு மாறுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று மகிழ்வது உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கோடையில் நம் பக்கத்து மண் காய்ந்து எர்த் குழி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்ட் போனதும் ஆம்ப் உறுமத் தொடங்கினால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை வராது.

கோவையில் லேத் பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருப்பது சகஜம். பட்டறை மேசையில் ஹெட்போனை வைத்தால், உள்ளிருக்கும் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். தட்டையான படலத்தைக் காந்தங்களால் அதிரவைக்கும் பிளேனர் வகையில் காந்தம் பெரிது. தூள், அதிர்ந்து ஒலி எழுப்பும் படலமான டயாஃப்ரத்தில் உட்கார்ந்தால் கரகரக்கும், எடுப்பதும் கடினம். ஏர் கன் வைத்து ஊதினால் மெல்லிய டயாஃப்ரம் கிழிந்தே போகும். கேட்டு முடித்ததும் ஜிப் வைத்த பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பேஸ் மெல்லக் குறைகிறதா? ஆம்பைச் சந்தேகிக்கும் முன், காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர்பேடை அமுக்கிப் பாருங்கள். அமுங்கிய இடம் எழும்பாவிட்டால் அதே மாடலுக்கான கம்பெனி பேடையே மாட்டுங்கள். வேறு பேட் போட்டால் ஒலியின் தன்மையே மாறிவிடும்.