கவர் போர்டு போட்டும் கூரை ஏன் கெடுகிறது?

அமெரிக்காவில் கிடங்கு, சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய கட்டடங்களின் தட்டைக் கூரை பெரும்பாலும் நம் மொட்டைமாடி போல கான்கிரீட்டாக இருக்காது. அடியில் நெளி இரும்புத் தகடு, அதன்மேல் வெப்பத்தைத் தடுக்கும் பாலிஐசோ நுரைப் பலகை, மேலே மழைநீரைத் தடுக்கும் டிபிஓ (ஒரு வகைப் பிளாஸ்டிக்) அல்லது இபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) ஷீட். நுரைக்கும் ஷீட்டுக்கும் நடுவே வைக்கும் கால் அல்லது அரை அங்குலக் கெட்டிப் பலகைதான் கவர் போர்டு. ஆலங்கட்டி விழுந்தாலும், ஏசி மெக்கானிக் கருவிப்பெட்டியைத் தொப்பென்று போட்டாலும் அடி வாங்குவது அதுதான்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. சாதாரண பாலிஐசோ சதுர அங்குலத்துக்கு 20, 25 பவுண்டு அழுத்தம்தான் தாங்கும். கவர் போர்டு இல்லாவிட்டால், ஆட்கள் அடிக்கடி நடக்கும் வழியில் நுரை நொறுங்கும். நுரைப் பலகையின் மேலுறை கழன்றுவிட்டால், அதில் ஒட்டிய ஷீட்டைக் காற்று தூக்கிவிடும்.

சரி, போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பலகை? அடர் பாலிஐசோ எடை குறைவு, தூக்க எளிது. ஜிப்சம் கனம், ஆனால் தீயையும் ஆலங்கட்டியையும் நன்றாகத் தாங்கும். ஆலங்கட்டி அதிகம் விழும் டெக்சாஸ், கொலராடோ மாநிலங்கள் பக்கம் என்றால் நான் ஜிப்சம் பக்கம்தான் சாய்வேன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் கொடுக்கும் தரச்சான்று பலகைக்கு மட்டும் உரியது அல்ல. ஷீட், பலகை, பசை, திருகு, திருகுகளின் இடைவெளி எல்லாம் சேர்ந்த முழு அடுக்குக்குத்தான் சோதனை நடக்கிறது. "இதுவும் அதே மாதிரிதான் சார்" என்று கடைசி நேரத்தில் ஒன்றை மாற்றினால், சான்று கையை விட்டுப் போய்விடும். மூலைகளிலும் ஓரங்களிலும் காற்று அதிகமாக இழுக்கும். அங்கே கூடுதல் திருகு கேட்டிருந்தால், நடுப்பகுதிக் கணக்கையே அங்கும் ஓட்டிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி ஈரம். பலகைக் கட்டுக்குத் தொழிற்சாலையில் சுற்றி வரும் பிளாஸ்டிக், பயணத்துக்கானது, மழைக்கானது அல்ல. அதை நம்பி வெளியே விட்டால் உள்ளே வியர்த்துவிடும். தரையிலிருந்து உயர்த்தி வைத்து, நல்ல தார்ப்பாயால் மூடுங்கள். பொழுது சாய்வதற்குள் ஷீட் போட்டு மூட முடிகிற அளவுக்கு மட்டும் பலகையை விரியுங்கள். நனைந்த பலகை மேலே காய்ந்த மாதிரித் தெரியும். அதை நம்பிப் பசை பூசினால் பிடிக்காது, ஈரமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நனைந்ததை எடுத்து எறிவதுதான் வழி, மனசு கேட்காவிட்டாலும்.

பழைய கூரைமேல் கவர் போர்டு வைத்துப் புது ஷீட் போடும்போதும் இதே கதைதான். அடியில் ஊறிப்போன நுரையைச் சோதித்து நீக்காமல் மூடினால் தகடு துருப்பிடிக்கும். ஏற்கெனவே இரண்டு கூரை அடுக்கு இருந்தால், சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு மூன்றாவதை அனுமதிப்பதில்லை.

அப்புறம், பலகை இணைப்பு நுரையின் இணைப்புக்கு நேர் மேலே வரக் கூடாது, தள்ளிப் போடுங்கள். ஜிப்சத் தூசியைப் பெருக்காமல் பசை பூசாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாலுக்கு எட்டடி, அரை அங்குல ஜிப்சம் பலகை ஒன்று ஏறத்தாழ 29 கிலோ. முப்பதை ஒரே இடத்தில் இறக்கினால் முக்கால் டன்னுக்கு மேல். கிரேன் வருவதற்கு முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு, எங்கெங்கே பிரித்து இறக்கலாம் என்று கூரையில் குறித்து வைத்துவிடுங்கள்.