நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபையில் நோயாளிகளையும் நடமாட முடியாத முதியவர்களையும் துக்க வீட்டாரையும் போய்ப் பார்க்கிற வேலையில் பெரும்பகுதியைச் சம்பளம் வாங்காத சபையார்தான் செய்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம், ஜெபக்குழு, சந்திப்புக் குழு என்று பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை, முறைதான் பல இடங்களில் இல்லை. முறை இல்லாத அன்பு படுத்திருப்பவருக்குப் பாரமாகிவிடும்.

ஜெபக்குறிப்பு செய்தியாகிவிடுவது

எல்லாவற்றிலும் அதிகக் காயம் உண்டாக்குவது இந்தத் தவறுதான். ஒரு பெண் தன் கருப்பைக் கட்டியைப் பற்றி ஒரே ஒருவரிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்கிறார். சாயங்காலத்துக்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டின் படத்தோடு அது சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அவர் வீட்டில் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கலாம். மாமியாருக்கு இன்னும் விஷயமே தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண் யாரிடமும் ஜெபக்குறிப்பு கொடுக்க மாட்டார்.

குறிப்பை வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். பெயரைச் சொல்லலாமா? என்ன நோய் என்று சொல்லலாமா? ஆயருக்கு மட்டுமா, ஜெபக்குழுவுக்கா, முழு சபைக்குமா? பதிலை நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். "எல்லாருக்கும் சொல்லலாம்" என்று அவர் வாயால் சொல்லாதவரை குழுவில் போடக் கூடாது. அனுமதி இருந்தாலும் "இன்னார் சுகவீனமாக இருக்கிறார், ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். வார்டு எண், ரிப்போர்ட், படுக்கையில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். குடும்பச் சண்டை, கடன், குடிப்பழக்கம் போன்றவற்றைப் பெயர் சொல்லாமல் எழுதினால்கூட யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். ஆகவே அவை ஆயரோடு நிற்கட்டும்.

இதே கசிவு ஜெபத்தின் வழியாகவும் நடக்கும். கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்கிறவர், "ஆண்டவரே, இந்த மகளுடைய கணவன் வீட்டைவிட்டுப் போய்விட்டானே" என்று விவரமெல்லாம் சொல்லி மன்றாடுகிறார். ஆண்டவருக்கு அது தெரியும். அதுவரை தெரியாதிருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

அதே நேரத்தில், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழுள்ள ஒரு பிள்ளை பாலியல் தொல்லைக்கு ஆளாகிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் உதவி கேட்கலாம். கமிட்டிக்குள் பேசி முடித்துக்கொள்ள இதில் இடமே இல்லை. ஒருவர் சாகவேண்டும்போல் இருக்கிறது என்றால், "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிவித்து, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அவரோடு உட்கார்ந்தே பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

மருந்துக்கும் விசுவாசத்துக்கும் போட்டி வைப்பது

"ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு" என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னாலும் போதும், உயிரே போய்விடலாம். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் மருந்து உண்டு. இரண்டாவது மாதமே இருமல் நின்று உடம்பு தேறும். அங்கே நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும். இன்சுலினையே நம்பியிருக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறும். மனநோய் மருந்துக்கும் இதுவே பொருந்தும். சுகம் கிடைத்தது என்று ஒருவர் நம்பினால் அவரோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

உபவாச ஜெபத்திலும் கவனம் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கீழே இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழக்கூடும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. அறிவிப்பிலேயே "சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உபவாசம் இருக்க வேண்டாம், ஜெபத்துக்கு மட்டும் வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் நடக்கிற இடத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

கட்டில் பக்கத்தில்

பத்துப் பேர் வேனில் போய் இறங்குவது வேண்டாம். இரண்டு பேர் போதும். பெண் நோயாளியிடம் போகிற இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முன்னதாகப் போன் செய்து நேரம் கேளுங்கள். 15 நிமிடத்துக்குமேல் தங்காதீர்கள், அதில் ஜெபம் இரண்டு மூன்று நிமிடம். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். கீமோதெரபி எடுப்பவருக்கு வெள்ளையணு குறைந்திருக்கும்போது நம்முடைய சாதாரண ஜலதோஷமே நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும்.

நின்றபடி குனிந்து பேசாமல் நாற்காலியில் உட்காருங்கள், கட்டில்மேல் அல்ல. தலையிலோ தோளிலோ கை வைக்குமுன் "கை வைத்து ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். தையல் போட்ட இடத்தையும் குழாய்களையும் தொடாதீர்கள். பொது வார்டில் மெதுவாகத்தான் ஜெபிக்க வேண்டும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14இல் உள்ள வழக்கம். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருப்பவருக்கு முகத்தருகே எண்ணெய் பூசாதீர்கள், அந்த அறையில் மெழுகுவர்த்தியும் ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் பரவிய துணியும் எண்ணெயும் ஒரு பொறி பட்டாலே நொடியில் பற்றிக்கொள்ளும்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்கிற நம் வழக்கமும் சில வீடுகளில் தீங்காகும். டயாலிசிஸ் செய்பவருக்கு இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி கொண்டுபோகாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சிரமமாக இருக்கலாம். ஒரு வாய் தண்ணீர், திருவிருந்தின் சிறு துண்டு அப்பம்கூட மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொள்கிறவரைக் கேட்காமல் எதையும் வாயில் கொடுக்காதீர்கள்.

சொல்லக் கூடாத சொற்கள்

"விசுவாசம் இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும்." "மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா?" "எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான், மூன்று மாதம்தான் இருந்தார்." இவை வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற பேச்சு. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றே இயேசு சொன்னார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகவே செய்தார்கள். "எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சிலர் சுகத்தைக் கேட்பார்கள், சிலர் இன்று இரவு தூக்கம் வந்தால் போதும் என்பார்கள். அவர் கேட்டதையே ஜெபியுங்கள்.

கவனிப்பவரை மறப்பது

எல்லாரும் படுத்திருப்பவரைப் பார்த்து ஜெபித்துவிட்டுத் திரும்புகிறோம். இரவெல்லாம் விழித்திருக்கிற மனைவியோ மருமகளோ நமக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார். படுத்த படுக்கையாக இருப்பவரை, படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இரவும் பகலும் ஒரே ஆள் இதைச் செய்தால் மாதக் கணக்கில் சேர்ந்தாற்போல் தூக்கம் இருக்காது. "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "புதன்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள்.

ஒருவர் தலையில் மூன்று நான்கு வீட்டுக்குமேல் சுமத்தாதீர்கள். ஆர்வமுள்ளவர்களுக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் ஒரு வருடத்தில் அவர்கள் ஓய்ந்துபோவார்கள், அந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் ஆளில்லாமல் நிற்கும். பண உதவியை யாரும் தனியாகக் கையாளக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து கொடுத்து, தேதியோடும் கையெழுத்தோடும் எழுதி வையுங்கள்.

துக்க வீட்டில் முதல் வாரம் கூட்டம் தாங்காது. மூன்றாவது மாதத்தில் யாரும் இருப்பதில்லை. ஓய்வூதியத் தாள்கள், வங்கிக் கணக்கு, தனிமை எல்லாம் ஒன்றுசேர்ந்து வருவது அப்போதுதான். அடக்க ஆராதனை முடிந்த அன்றே குழுவின் நாட்காட்டியில் நான்கு தேதிகளைக் குறித்து, எந்தத் தேதிக்கு யார் போவது என்று பெயரும் எழுதிவிடுங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், முதல் கிறிஸ்துமஸ், முதல் நினைவுநாள்.