பிசினஸ் படிக்க கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர். முதல் இரண்டு வருடத்துக்கான 60 யூனிட்டையும் கூட்டினால் 2,760 டாலர்தான். அதை முடித்துவிட்டு யூசி, கால் ஸ்டேட் என்ற இரண்டு மாநிலப் பல்கலைக்கழக அமைப்புகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறி, மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் வாங்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் நம் வீட்டுப் பிள்ளைகளும், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்திருக்கும் பெண்களும் இந்த வழியில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படிப்பது இப்போது சாதாரணம். நானும் அப்படிப் படித்தவள்தான். இப்போது ஒரு காலேஜில் அக்கவுண்டிங் டியூட்டரிங் செய்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் புதிதாக வருகிறவர்கள், நான் அன்று போன அதே தப்பான பாதையில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்பதில்லை.

நேரத்துக்கு வகுப்புக்குப் போங்கள், வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரில் 'பிசினஸ்' இருந்தால் போதும் என்று சேர்ந்துவிடுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காலேஜின் பட்டியலைத் திறந்தால் பிசினஸ் என்ற பெயரில் நாலைந்து படிப்புகளாவது இருக்கும். பிசினஸ் மேனேஜ்மென்ட், ஸ்மால் பிசினஸ் சான்றிதழ், மார்க்கெட்டிங், அப்புறம் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன். இதில் சில, இரண்டு வருடம் படித்துவிட்டு நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. அந்த வேலைக்கு அவை நல்ல படிப்புகள், குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கென்று வந்தது ஏ.எஸ்.டி. என்ற இரண்டு வருடப் பட்டம். 2010-ல் நிறைவேறிய எஸ்பி 1440 என்ற மாநிலச் சட்டத்தால் வந்தது. கடைசியில் இருக்கும் 'டி' டிரான்ஸ்ஃபரைக் குறிக்கிறது. அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. மேற்கொண்டு 60 யூனிட்டில் இளங்கலைப் பட்டத்தையும் முடித்துவிடலாம்.

போன வருடம் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். கையில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல். நாற்பது யூனிட்டுக்கு மேல் முடித்திருந்தாள், எல்லாம் ஏ. "அக்கா, இந்த ஃபால்ல அப்ளை பண்ணப் போறேன், எஸ்ஸே மட்டும் ஒரு தடவை பாருங்க" என்றாள். எஸ்ஸேயை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து அவள் போக விரும்பிய பல்கலைக்கழகத்தின் பிசினஸ் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, எடுத்தேன். இடது பக்கம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலது பக்கம் அதற்கு ஈடாக நம் காலேஜில் உள்ள பாடம். டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஃபைனான்சியல் அக்கவுண்டிங், இல்லை. மேனேஜீரியல் அக்கவுண்டிங், இல்லை. கால்குலஸ், இல்லை. மைக்ரோ எகனாமிக்ஸ் மட்டும் இருந்தது. அவள் படித்தவை ஹியூமன் ரிசோர்சஸ், ஸ்மால் பிசினஸ், குவிக்புக்ஸ், சூப்பர்விஷன்.

"ஆனா அக்கா, நான் எடுத்ததுல பாதிக்கு மேல டிரான்ஸ்ஃபர் ஆகும்னு கேட்டலாக்லயே போட்டிருக்கே" என்றாள். போட்டிருக்கிறது, உண்மைதான். சிக்கலே அங்கேதான். ஒரு பாடம் டிரான்ஸ்ஃபர் ஆகும் என்றால் அதன் யூனிட் உங்கள் கணக்கில் ஏறும், அவ்வளவுதான். அந்தப் பாடம் உங்கள் மேஜர் கேட்கும் பாடத்துக்கு ஈடாக நிற்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு அசிஸ்ட்டில்தான் பதில் இருக்கிறது. அவள் எடுத்தவற்றில் சில கால் ஸ்டேட்டில் விருப்பப் பாடமாக ஏறும். யூசியில் அதுகூடப் பெரும்பாலும் நடக்காது.

பணம் போனதைவிடக் காலம் போனதுதான் வலிக்கிறது. ஃபைனான்சியல் முடித்தால்தான் மேனேஜீரியல் எடுக்க முடியும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் போட வழியில்லை. பிசினஸ் மாதிரி போட்டி உள்ள மேஜர்களுக்கு டிரான்ஸ்ஃபர் பெரும்பாலும் ஃபால் என்ற இலையுதிர்ப் பருவத்தில்தான். அதற்கு முந்தின ஸ்பிரிங் என்ற வசந்தப் பருவத்துக்குள் தேவையான பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். ஒரு பாடம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். மேலும், இரண்டு வருடப் படிப்புக்காக யூசியும் கால் ஸ்டேட்டும் கணக்கில் ஏற்றுவது 70 செமஸ்டர் யூனிட் வரைதான். தேவையில்லாத பாடங்களாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்த உச்சவரம்பும் வந்து இடிக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் படிப்பு நன்றாகவே வந்தது. முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஆகவே, முதல் செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்வதற்கு முன்பே மூன்று பல்கலைக்கழகங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றலாம், பரவாயில்லை. மூன்றுக்கும் அசிஸ்ட்டில் பிசினஸ் மேஜரின் பக்கத்தை அச்செடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி கேட்காது. ஓர் இடத்தில் பிசினஸ் கால்குலஸ் ஒன்று போதும் என்பார்கள். இன்னோர் இடத்தில் கால்குலஸ் இரண்டு பருவம் வேண்டும் என்பார்கள். பெர்க்லியில் ஹாஸ் என்ற பிசினஸ் ஸ்கூல் இருக்கிறது. யூசிஎல்ஏவில் இளங்கலையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற மேஜரே கிடையாது, பிசினஸ் எகனாமிக்ஸ்தான் உண்டு. இதைத் தெரியாமலே "யூசிஎல்ஏ பிசினஸ்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று தாளிலும் பொதுவாக வருகிற பாடங்களை முதலில் எடுங்கள். அவை பெரும்பாலும் இரண்டு அக்கவுண்டிங், இரண்டு எகனாமிக்ஸ், புள்ளியியல், ஒரு கால்குலஸ் என்று இருக்கும். வலது பக்கத்தில் "நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்" என்று வந்தால், அந்தப் பாடத்துக்கு உங்கள் காலேஜில் ஈடு இல்லை. பக்கத்துக் காலேஜில் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. ஏ.எஸ்.டி. உறுதி தருவது கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடத்துக்குத்தான், நீங்கள் விரும்பும் வளாகத்துக்கு இல்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் பிசினஸுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம்.

காலேஜின் படிப்பு ஆலோசகரான கௌன்சிலரை ஒரே ஒரு முறை பார்ப்பது

செமஸ்டருக்கு ஒரு முறையாவது பாருங்கள். அந்த மூன்று தாளோடு போங்கள்.

குவார்ட்டரையும் செமஸ்டரையும் கலப்பது

டி ஆன்சா, ஃபுட்ஹில் காலேஜ்கள் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்களாக நடக்கின்றன. மிஷன், வெஸ்ட் வேலி போன்றவை செமஸ்டர் முறையில். டி ஆன்சாவில் அக்கவுண்டிங் 1ஏ, 1பி, 1சி என்று மூன்று குவார்ட்டரில் போகும். செமஸ்டர் காலேஜில் அதே விஷயம் இரண்டு பாடத்தில் முடியும். 1ஏ மட்டும் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று செமஸ்டர் காலேஜுக்கு மாறினால், ஃபைனான்சியல் அக்கவுண்டிங்கில் பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்பீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் பாடமாகாது. ஒரு தொடரை எந்தக் காலேஜில் ஆரம்பிக்கிறீர்களோ அங்கேயே முடித்துவிட்டு மாறுங்கள். கால்குலஸுக்கும் இதேதான்.

சி கிரேடு வந்தாலும் திரும்ப எடுக்கலாம் என்று நம்புவது

முடியாது. சில விதிவிலக்குகள் தவிர, சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தை இங்கே மறுபடி எடுக்க விடமாட்டார்கள். டி, எஃப் வந்தாலும், பாதியில் விலகியதற்கான டபிள்யூ வந்தாலும் மறுபடி எடுக்கலாம். அதுவும் மொத்தம் மூன்று முறைதான். ஊரில் அரியர் எழுதிப் பழகியவர்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். கடைசித் தேதி முடிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். முதல் இரண்டு தேர்விலேயே அக்கவுண்டிங் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தால் உடனே ஆசிரியரிடமும் டியூட்டரிடமும் போங்கள். மீளவே முடியாது என்றால், டபிள்யூவோடு விலகுவதற்கான கடைசித் தேதி காலேஜ் நாட்காட்டியில் இருக்கிறது. அதற்குள் முடிவெடுங்கள். போட்டி உள்ள மேஜரைக் குறி வைத்திருப்பவருக்கு, மாற்ற முடியாத ஒரு சியைவிட ஒரு டபிள்யூ மேல் என்பது என் அபிப்பிராயம்.

ரெசிடென்சி (மாநிலவாசி அந்தஸ்து) வேலையை ஆறப்போடுவது

எச்-4 விசாவில் இருப்பவர்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்து, இங்கேயே தங்கும் எண்ணத்தை ஆவணங்களால் காட்டினால் மாநிலவாசிக் கட்டணமே கிடைக்கும். எஃப்-1 மாணவர்களுக்கு இது கிடையாது. ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை முதலிலிருந்தே எடுத்து வையுங்கள். ஒரு வருடம் ஆனதும் காலேஜே கண்டுபிடித்து மாற்றிவிடும் என்று இருக்காதீர்கள். மறுவகைப்படுத்தும் படிவத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு அதிகம், கட்டிய பிறகு பழைய செமஸ்டருக்குத் திரும்ப வராது.

ஊரில் வாங்கிய பி.காமைச் சொல்லாமல் விடுவது

சொல்லியே ஆக வேண்டும். படித்த எல்லாக் கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் காட்டுவது கட்டாயம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு யூசியில் இரண்டாவது இளங்கலைக்கு வாய்ப்பும் மிகக் குறைவு. பி.காம் முடித்தவர்கள் முதல் வருடப் பாடத்தில் உட்காருவதற்கு முன், டிரான்ஸ்கிரிப்டை மதிப்பீடு செய்து வாங்குங்கள். உங்களுக்குத் தேவை சில அக்கவுண்டிங் பாடங்களோ நேராக எம்.பி.ஏ.வோ ஆக இருக்கலாம்.

எக்ஸெலை அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்பது

இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

செப்டம்பரைக் கோட்டை விடுவது

எல்லோரும் அக்டோபர், நவம்பரை நினைவில் வைத்திருப்பார்கள். அது யூசி, கால் ஸ்டேட் விண்ணப்பக் காலம். அதற்கு முன்னால், செப்டம்பர் 1 முதல் 30 வரை யூசியின் டாக் என்ற உறுதிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். எல்லா மேஜருக்கும் கிடையாது என்பதால், கோடை விடுமுறையிலேயே அந்தந்த வளாகத்தின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

பட்டம் தானாக வரும் என்று காத்திருப்பது

60 யூனிட் முடிந்ததும் ஏ.எஸ்.டி. வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கடைசிப் பருவத்தில் பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பம் போடுங்கள். 2025 ஃபாலிலிருந்து வந்திருக்கும் கால்-கெட்சி பொதுப்பாடத் தொகுப்பை முடித்தவர்கள் அதற்கான சான்றையும் கேட்டு வாங்கி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் படிவம் அட்மிஷன்ஸ் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும். தேதியை இன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.