காற்றாலை வைக்கப் போகுமுன்: ஃபோசனில் நடந்த தவறுகள்

புகை வராத மின்சாரம்தானே, யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஸ்டோர்ஹேயா, ரோவான் ஆகிய இரண்டு இடங்களில் மொத்தம் 151 காற்றாலைகள். அங்கே தலைமுறை தலைமுறையாக ரெயின்டீர் என்ற பனிப்பிரதேச மான்களை மேய்த்து வருபவர்கள் சாமி பழங்குடி மக்கள்.

வீடும் வயலும் இல்லாத நிலம் என்றால் புறம்போக்கு என்று முடிவு கட்டிவிடுவது அடுத்த தவறு. ஸ்டோர்ஹேயா பார்வைக்கு வெறும் மொட்டை மலைதான். ஆனால் அங்கே வீசும் காற்றில் பனி அதிகம் தங்காது. மான்கள் மேலாகக் கிளறினாலே போதும், அடியில் பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கன் தின்னக் கிடைத்துவிடும். கடுங்குளிர்காலத்தில் மந்தை பிழைப்பது இந்த மேய்ச்சலில்தான். கம்பெனிக்கு அந்த இடம் பிடித்துப்போனதும் அதே காற்றுக்காகத்தான்! காற்றாலை சுழலும் பக்கம் மான்கள் அண்டுவதில்லை.

'அவர்களிடம் பேசினோமே' என்பார்கள். கருத்துக் கேட்பது வேறு, சம்மதம் வாங்குவது வேறு. மேய்ப்பர்கள் ஆட்சேபித்தும் 2010இல் உரிமம் கொடுத்தார்கள். 2013இல் அமைச்சகமும் அதை உறுதி செய்தது. வழக்கு நடக்கும்போதே, 2018 டிசம்பரில், கட்டுமானத்தை நிறுத்தி வைக்கும்படி ஐ.நா. குழு ஒன்று கேட்டது. நார்வே நிறுத்தவில்லை.

பணம் கொடுத்தால் முடிந்துவிடும் என்ற கணக்கும் பலிக்கவில்லை. குளிர்காலத்தில் மான்களை அடைத்துத் தீவனம் போடலாம் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் சுமார் 9 கோடி குரோனர் (நார்வே நாணயம்) இழப்பீடு நிர்ணயித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2021 அக்டோபர் 11 அன்று, சாமி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, உரிமம் செல்லாது என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்ததால், 2023இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. அப்புறம்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் சமரச ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

பழங்குடிகள் என்றாலே திட்டத்துக்குத் தடை போடுபவர்கள் என்று நினைப்பதும் தவறுதான். கனடாவின் ஃபோர்ட் சிப்பெவயன் ஊருக்கு மின்கம்பி இணைப்பு கிடையாது, டீசல்தான் கதி. அங்குள்ள மூன்று பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, சூரிய மின்நிலையம் அமைத்து, 2020இல் இயக்கிவிட்டன. ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் லிட்டர் டீசலை மிச்சப்படுத்தும் திட்டம் அது. அதன் பெரும்பகுதிக்கு உரிமையாளர்களும் அவர்களே.