மாநகராட்சி பட்ஜெட்டில் வீடற்றோரின் பங்கைக் கேட்பது எப்படி?

பட்ஜெட் வாசிக்கும் நாளில் மனு கொடுத்துப் பயனில்லை. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு நவம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். சென்னையில் காப்பகப் பணி செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வீடற்றோர் காப்பகங்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று மண்டலவாரியாகக் கேளுங்கள். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். செலவுக் கணக்குதான் உண்மையைச் சொல்லும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்தது, பட்ஜெட் கோரிக்கை மனுவில் வைக்க வேண்டிய உங்கள் வாதம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு, நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், இரவும் பகலும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி, எல்லை விரிந்த சென்னை மாநகராட்சியில் ஏறத்தாழ 67 லட்சம் பேர். அப்படியானால் 67 காப்பகங்கள் வேண்டும். இருப்பவற்றை எண்ணி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

“வசதிகளை மேம்படுத்துக” என்று எழுதினால் மனு கோப்பில் தூங்கும். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், இரவுக் காவலருக்குச் சம்பளம், கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு என்று தொகையோடு எழுதுங்கள். தாழ்ப்பாள் இல்லாத ஒரே காரணத்தால் காப்பகத்துக்கு வர மறுத்துப் பாரிமுனை நடைபாதையிலேயே மகளோடு படுத்த தாயை நான் அறிவேன்.

வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையில் அந்தத் தாயையே பேச வையுங்கள், அவருக்காக நீங்கள் பேசாதீர்கள். கவுன்சிலரிடம் மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.