மானிய வீடு தேடுகிறீர்களா? வாய்ப்பைப் பறிக்கும் தவறுகள்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்றே உதவி கேட்டுக் கிளம்ப வேண்டும். பலர் கிளம்புவதில்லை. கூச்சம் ஒரு பக்கம், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு பக்கம். சாமான்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அலுவலகப் படி ஏறுகிறார்கள். இங்கிலாந்தில், 56 நாள்களுக்குள் வீட்டை இழக்கப் போகிறவருக்கே உள்ளாட்சி அமைப்பு உதவத் தொடங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்பது அவசரக்குடுக்கைத்தனம் அல்ல.

இதற்கு நேரெதிரான தவறு, பயந்துபோய் மறுநாளே சாவியைக் கொடுத்துவிடுவது. உரிமையாளர் தரும் நோட்டீஸ் வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. தேவையில்லாமல் தானாக வெளியேறியவரை ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று கருதி உதவியைச் சுருக்கும் விதியும் அதே இங்கிலாந்தில் உண்டு. இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆனால் வீட்டுக்குள் அடி உதை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே வெளியேறுங்கள். உயிர்தான் முதலில்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, மானிய வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. ஹாங்காங்கில் அரசின் பொது வாடகை வீட்டைச் சராசரியாக மூன்று ஆண்டுகளில் தருவதே இலக்கு; அண்மை ஆண்டுகளில் சராசரிக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருக்கிறது. அத்தனை காலத்தில் தொலைபேசி எண் மாறும், முகவரி மாறும். ‘இன்னும் வீடு தேவையா?’ என்று கேட்கும் கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவது பல நகரங்களில் வழக்கம். பல ஆண்டுக் காத்திருப்பு ஒரு கடிதத்தோடு போய்விடும்! முகவரி, வருமானம், குடும்பத்தில் பிறப்பு, இறப்பு என எது மாறினாலும் அந்த வாரமே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். நிலையான முகவரி இல்லாதவர்கள் நம்பகமான உறவினரின் முகவரியைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒரே பட்டியலை நம்பியும் இருக்க வேண்டாம். நியூயார்க்கில் வாடகை மானியப் பட்டியல் 2009-இல் மூடப்பட்டு, 2024-இல் ஒரே ஒரு வாரம் திறந்தது. விண்ணப்பித்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல்; குலுக்கலில் பட்டியலில் இடம் கிடைத்தது 2 லட்சம் பேருக்கு. அந்த வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அரசு, நகராட்சி, தொண்டு அமைப்புகள் ஆகியவை தனித்தனிப் பட்டியல்கள் வைத்திருக்கும் ஊரில் எல்லாவற்றிலும் பெயர் கொடுங்கள்.

‘என் சம்பளத்துக்குக் கிடைக்காது’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வருமான வரம்பு குடும்பத்தின் அளவைப் பொறுத்து மாறும். பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளமா, கைக்கு வரும் தொகையா என்று கேட்டு நிரப்புங்கள். பட்டியலில் முன்னே ஏற்றிவிடுவதாகப் பணம் கேட்பவர் மோசடிக்காரர். பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இன்றிரவே தங்க இடம் வேண்டுமென்றால் காப்பகத்துக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை மணி வரை சேர்ப்பார்கள், எத்தனை இரவு தங்கலாம், குடும்பத்தைப் பிரிக்காமல் வைப்பார்களா என்று கேளுங்கள். இடமில்லை என்றால், வேறெங்கே இருக்கிறது என்று கேட்காமல் பேச்சை முடிக்காதீர்கள். இடம் கிடைத்துவிட்டால், மறுநாளே நிரந்தர வீட்டுப் பட்டியலில் உங்கள் நிலைமை மாறியதைப் பதிவு செய்யுங்கள். வீடற்றவர்களுக்குப் பல ஊர்களில் முன்னுரிமை உண்டு. அது தானாக உங்கள் விண்ணப்பத்தில் ஏறாது.